பேட்ஜுக்குள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? எங்கள் ஊர்ப் பயிற்சி நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சி நிலையப் பொறுப்பாளர்களே,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைக் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் யாரோ ஒட்டியிருந்தார்கள். நின்று படித்தேன். அதில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஏற்கெனவே கொடுத்த டிஜிட்டல் பேட்ஜுகளில், அதாவது பயிற்சி முடித்தவர் கைப்பேசியில் திறந்து காட்டும் சான்றுச் சின்னங்களில், உள்ள விவரங்களை இனித் திருத்தித் தரமாட்டீர்கள். இனிமேல் நடக்கப்போகும் எல்லாப் பயிற்சிக்கும் ஒரே பொது விளக்கத்தைப் போடப்போகிறீர்கள், வேலை சுலபமாகும் என்பதற்காக. யாருடைய வேலை என்று மட்டும் அதில் எழுதவில்லை.

நான் மலேசியாவில், பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 31 வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன். கணினி படித்தவன் அல்ல. பேத்தி சொல்லிக்கொடுத்துத்தான் கைப்பேசியில் பேட்ஜைத் திறந்து பார்க்கவே கற்றுக்கொண்டேன். ஆனால் ஒருவர் செய்த வேலையை, அதைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் நம்பும்படி ஒரு வரியில் எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டை எழுதியே நரைத்த தலை இது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில், பெயர் கூப்பிட்டு, யார் மரம் சீவப் போனார், யார் புல் வெட்டப் போனார், யாருக்கு அரை நாள் என்று எழுதுவேன். சீவப் போன அம்மாவின் பெயருக்கு நேரே புல்வெட்டு என்று கை தவறி எழுதிவிட்டால், அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். "எழுதியது எழுதியதுதான், திருத்தமாட்டோம்" என்று நான் ஒரு தடவை சொல்லியிருந்தாலும் போதும், அதற்கப்புறம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் என் சைக்கிள் போயிருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி உங்களிடம் சரக்கறை இருப்புக் கணக்குப் பயிற்சி படித்தாள். 6 சனிக்கிழமைகள், நாளுக்கு 4 மணி நேரம், ஆக 24 மணி நேரம். கடைசி வாரம் சந்தைப் பக்கம் உள்ள ஒரு மளிகைக் கடையின் பின்கட்டுக்கு அழைத்துப்போய், அங்கிருந்த 140 வகைச் சரக்கையும் எண்ணச் சொன்னீர்கள். எண்ணியதைக் கணினித் தாளில் ஏற்ற வேண்டும். கடைக்காரர் நோட்டில் உள்ள கணக்கோடு ஒப்பிட வேண்டும். எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். இவளுக்கு சார்டின் டின்னில் 24 குறைந்தது. எண்ணினாள், மறுபடி எண்ணினாள், அப்படியும் 24 குறைந்தது. கடைசியில் பார்த்தால் பிரிக்காத ஒரு பெட்டி மாடிப்படிக்கு அடியில், பழைய காலண்டர் கட்டுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தக் கதையை மூன்று தடவை சொன்னாள். நல்ல பயிற்சி என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் பயிற்றுநர்கள் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பத்து நாளில் மின்னஞ்சலில் பேட்ஜ் வந்தது. தங்க நிற வட்டம், நடுவில் ஒரு ராக்கெட். சரக்கறைக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தமோ, போகட்டும். அதைத் தொட்டால் விளக்கம் திறக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "இந்த பேட்ஜைப் பெற்றவர் எதிர்கால உலகின் சவால்களைத் தன்னம்பிக்கையோடு எதிர்கொள்ளும் இளம் தலைவர்." என்ன செய்தால் இது கிடைக்கும் என்ற இடத்தில், "பயிற்சியை வெற்றிகரமாக முடித்தல்." சான்றுக்கான இடம் வெறுமையாக இருந்தது. 140 சரக்கு, 24 டின், அவள் கைப்பட எழுதிய அந்த ஒரு பக்கம், எதுவும் இல்லை.

அதே மாதம் நீங்கள் மண்டபத்தில் நடத்திய 2 மணி நேரத் தன்முனைப்பு உரைக்கு நானும் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டேன், உரையைக் கேட்டேன், நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். எனக்கும் ஒரு பேட்ஜ் வந்தது. அதே ராக்கெட், அதே இளம் தலைவர். எனக்கு வயது 67.

ரப்பர் காலத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி வைத்திருப்போம். வாளியில் எடை கூட வேண்டுமென்று பாலில் தண்ணீரைச் சேர்க்கிறவர்கள் உண்டு. தராசு ஏமாறும். மெட்ரோலாக்கைப் பாலில் விட்டால் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஏறக்குறைய காட்டிவிடும். உங்கள் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் இங்கே நடந்திருப்பது இன்னும் விசித்திரம். என் பேத்தி கெட்டியான பால் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள், தண்ணீர் சேர்த்தது கொட்டகையில் இருந்தவர்கள்.

அந்த பேட்ஜை நம்பி அவள் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு சரக்கறை வேலைக்கு மனுப் போட்டாள். நேர்முகத்தில் இருந்த அதிகாரி இணைப்பைத் திறந்து பார்த்தாராம். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதில் உனக்கு என்ன செய்யத் தெரியும் என்று எங்கேயும் இல்லையே" என்றாராம். இவள் சார்டின் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ சொல்வதை நம்புகிறேன், ஆனால் நான் மேலே காட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவளுக்கு நடந்ததாவது குறைவாகச் சொன்னதால் வந்த நஷ்டம். எங்கள் லயத்துப் பையன் ஒருவனுக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். அவனிடம் இருப்பது உங்கள் குளிர்சாதனப் பராமரிப்பு அறிமுக பேட்ஜ். பெயரிலேயே பெரிய எழுத்தில் "நிலை 3" என்று இருக்கிறது. அது உங்கள் மூன்றாவது அணி, அதாவது மூன்றாவதாகப் படித்த குழு, அவ்வளவுதான் என்று பின்னால் உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது தெரிந்தது. இந்த நாட்டில் திறன் பயிற்சியோடு சேர்த்து நிலை 3 என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் ஒன்றுதான் ஓடும். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கிறதே எஸ்.கே.எம்., மலேசியத் திறன் சான்றிதழ், அதில் 1, 2, 3 என்று நிலைகள். மூன்றாம் நிலை என்றால் வேலையைத் தானே செய்வதோடு மற்றவர்களை மேற்பார்க்கவும் தெரிந்தவர் என்று அர்த்தம். 4-ம் 5-ம் டிப்ளோமா வகை. சுங்கை பட்டாணியில் ஒரு கடை முதலாளி அவனிடம், "தாஹாப் தீகா (நிலை மூன்று) என்கிறாய், எஸ்.கே.எம். எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இவன் பேந்தப் பேந்த விழித்திருக்கிறான். "பொய் சொல்லி வேலை தேடாதே தம்பி" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

அந்தப் பையன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை எழுதி அவன் சட்டையில் குத்தி அனுப்பியது நீங்கள். வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அணி எண்ணைப் போடுவதற்கு வேறு இடம் தெரியாமல் பெயரில் போட்டிருப்பீர்கள். ஆனால் அவன் இப்போது அந்த பேட்ஜை யாரிடமும் காட்டுவதில்லை, உங்கள் பயிற்சிக்குத் தம்பியை அனுப்பவும் மறுக்கிறான்.

இதற்கப்புறம்தான் உட்கார்ந்து, உங்கள் 11 பேட்ஜுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பேத்தி பக்கத்தில் இருந்து உள்ளே என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன என்று விளக்கினாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பு இருந்தால் உங்கள் கணினிப் பிரிவு திருத்தட்டும்.

நீங்கள் பயன்படுத்துவது ஓப்பன் பேட்ஜஸ் என்ற பொதுத் தரம். 2011-இல் மொசில்லா அறக்கட்டளை இதைத் தொடங்கியது, மெக்ஆர்தர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 2013-இல் முதல் பதிப்பு. 2017-இல் அந்தப் பொறுப்பு ஐ.எம்.எஸ். குளோபல் என்ற அமைப்பிடம் போனது, அதன் இன்றைய பெயர் ஒன்எட்டெக். 2024-இல் 3.0 பதிப்பு முடிவாகியிருக்கிறது. இவ்வளவு பேர் இத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்தது படத்தை அழகாக்குவதற்கு இல்லை. ராக்கெட்டோ நட்சத்திரமோ, படத்தை யாரும் வரையலாம். அதோடு சேர்ந்து போகும் விவரம்தான் பேட்ஜ். பெயர் என்ன, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதைச் செய்தால் கிடைக்கும், இவர் அதைச் செய்ததற்குச் சான்று எங்கே, எந்தத் தேதியில் கொடுத்தது, எதுவரை செல்லும், நாட்டில் உள்ள எந்தத் தரத்தோடு பொருந்துகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறார்கள். செக்ரோலில் கோடு போட்டுக் கட்டம் பிரித்து வைத்ததுபோல. கட்டம் அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, நிரப்ப வேண்டியது மட்டும்தான் கிராணியின் வேலை.

நீங்கள் நிரப்பியிருப்பதைப் பாருங்கள். கொடுத்தவர் என்ற கட்டத்தில் உங்கள் நிலையத்தின் பெயர் இல்லை. பேட்ஜ் மென்பொருளை உங்களுக்கு அமைத்துக் கொடுத்த குத்தகைக்காரரின் பெயர் இருக்கிறது. முதலாளி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால், என் பேத்தியைத் தெரியும் என்று அங்கே யார் சொல்வார்கள்?

காலாவதித் தேதியில் வேறு வேடிக்கை. சரக்கறைப் பயிற்சிக்கு ஒரு வருடம் என்று இருக்கிறது. இரண்டே மாதத்தில் அவளுடையது சிவப்பு எழுத்தில் 'காலாவதி' என்று மாறப்போகிறது. எண்ணக் கற்றுக்கொண்டவள் ஒரு வருடத்தில் எண்ண மறந்துவிடுவாளா? ஆனால், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய முதலுதவிப் பயிற்சியின் பேட்ஜில் தேதியே இல்லை, ஆயுசுக்கும் செல்லுமாம். பாலுக்குப் போட வேண்டிய தேதியை உப்புக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. குழந்தை பராமரிப்புப் பயிற்சிக்கு மட்டும் சான்று என்று ஒரு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஆகா, இங்கேயாவது ஒன்று இருக்கிறதே என்று தொட்டேன். வருகைப் பதிவேட்டின் படம் திறந்தது. அந்த வகுப்பில் இருந்த அத்தனை பெண்களின் பெயரும், பக்கத்திலேயே அடையாள அட்டை எண்ணும். அந்த 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி என்பது இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடவுச்சொல் கிடையாது, பூட்டு கிடையாது, இணைப்பு கையில் இருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம். அந்தப் பெண்களில் பாதிப் பேர் நான் வேலை பார்த்த தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். பேட்ஜ் பெற்றவரின் மின்னஞ்சலைக்கூட அப்படியே காட்டாமல் உருமாற்றி வைக்கும் வசதி அந்தத் தரத்திலேயே உண்டு என்று பேத்தி சொல்கிறாள். அவ்வளவு கவனமாக அவர்கள் யோசித்திருக்க, நாம் பதிவேட்டைத் தூக்கித் தெருவில் மாட்டியிருக்கிறோம். வந்திருந்தார் என்பதற்குத்தான் பதிவேடு சான்று. செய்யத் தெரியும் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?

வெளியிட்ட பேட்ஜைத் தொழில்நுட்ப ரீதியில் மாற்ற முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள். அது முழு உண்மை அல்ல. உங்களுடையது பழைய 2.0 வகை. விளக்கம் உங்கள் இணையதளத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது, ஒவ்வொருவரின் பேட்ஜும் அந்த இடத்தைக் கைகாட்டுகிறது. அங்கே ஒரு தடவை திருத்தினால் எல்லாருடையதும் திருந்தும். புதிய 3.0 வகையில் கையொப்பமிட்டுக் கொடுத்ததை உள்ளே கைவைத்து மாற்ற முடியாது, சரி. அப்போது பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கொடுக்கலாம். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிழையை, தப்பான பெயரைத் திருத்துவது வேறு, தகுதி வரையறையை மாற்றுவது வேறு. அடுத்த வருடம் 24 மணி நேரத்தை 40 ஆக்கினால், அந்த 40-ஐ என் பேத்தியின் பேட்ஜில் எழுதக் கூடாது. அவள் படித்தது 24. 40-க்குப் புதிய பேட்ஜ் போடுங்கள். குறைத்தாலும் அப்படியே.

விளக்கம் எழுத ஆள் இல்லை, நேரம் இல்லை என்றும் சொன்னார்கள். போன ஞாயிறு பிற்பகல் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்தில் நானும் பேத்தியும் எழுதியதைக் கீழே தருகிறேன்:

"சரக்கறை இருப்புக் கணக்கு: அறிமுகப் பயிற்சி. இதைப் பெற்றவர் 24 மணி நேர நேரடிப் பயிற்சியை முடித்து, நடப்பில் உள்ள ஒரு மளிகைக் கடையில் 140 வகைச் சரக்கைத் தனியாக எண்ணி, கணினித் தாளில் பதிந்து, கடைக் கணக்கோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார். பயிற்றுநர் ஒருவர் நேரில் இருந்து மதிப்பிட்டார். சான்றாக, பேட்ஜ் பெற்றவர் எழுதிய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. கிடங்கு மென்பொருள், பாரந்தூக்கி வண்டி ஆகியவை இப்பயிற்சியில் இல்லை. இது எஸ்.கே.எம். சான்றிதழ் அல்ல. காலாவதி இல்லை."

நடுவில் 'இல்லை', 'அல்ல' என்று வருகிறதே, அது விளம்பரத்துக்கு ஆகாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தயக்கம்தான். பேத்திதான் அந்த இரண்டு வரியும் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "இல்லாததை இல்லை என்று எழுதினால்தான் தாத்தா, இருக்கிறது என்று எழுதியதை நம்புவார்கள்" என்றாள். லயத்துப் பையனுக்கு நடந்தது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று. வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, வகுப்புக்குப் போகாமலே எஸ்.கே.எம். பெறும் வழி ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. பி.பி.டி. என்பார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு இருபது வருடம் பட்டறையில் கை கறுத்தவர்களுக்கு அது பெரிய கதவு. அப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் பேட்ஜைத் தன் கோப்பில் வைத்தால், 'இளம் தலைவர்' என்ற வரி எதற்கு உதவும்? என்ன செய்தார், எவ்வளவு நேரம் செய்தார், யார் பார்த்தார் என்று இருந்தால் கோப்பில் ஒரு தாளாவது கூடும்.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்த வருகைப் பதிவேட்டின் படத்தை இந்த மடலைப் படித்த அன்றே எடுத்துவிடுங்கள். கூட்டம் போட்டு முடிவு செய்ய அதில் ஒன்றும் இல்லை. எடுத்தபின் அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லுங்கள், அவர்கள் எண் வெளியே தெரிந்திருக்கிறது என்று.

'நிலை 3' என்பதைப் பெயரிலிருந்து நீக்குங்கள். அந்தப் பையனுக்கு உங்கள் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், தவறு நிலையத்துடையது என்று. அந்தக் கடையில் போய்க் காட்டுவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்துகொள்வான்.

ஒரே பொது விளக்கம் என்ற முடிவைக் கைவிடுங்கள். 11 பேட்ஜுக்கும் தனித்தனியாக, எத்தனை மணி நேரம், என்ன செய்து காட்டினார், யார் மதிப்பிட்டார், எதைக் கற்கவில்லை என்று எழுதுங்கள். வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதற்கு பேட்ஜ் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் 'கலந்துகொண்டார்' என்று எழுதி, வேறு படம் போட்டுக் கொடுங்கள். என்னுடையதை ரத்து செய்தாலும் எனக்கு வருத்தம் இல்லை, நாசி லெமாக் நன்றாகவே இருந்தது. எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், முதலாளிகள் படிக்க வேண்டும். தமிழிலும் ஒரு பத்தி இருக்கட்டும், பெற்ற பிள்ளை என்ன படித்தது என்று லயத்தில் இருக்கும் அம்மாவும் படிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கத்தையும் வெளியிடும் முன் அந்தப் பயிற்சியை நடத்திய ஆசிரியர் ஒருவரும், படித்து முடித்த மாணவர் ஒருவரும் படித்துக் கையெழுத்திடட்டும்.

கொடுத்தவர் கட்டத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய ஒரு மேசையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து. திருத்தம் கேட்டு வருகிறவருக்கு 14 நாளில் பதில் என்று ஒரு விதி வையுங்கள். தோட்டத்து ஆபீஸில் நாங்கள் அடுத்த சம்பளத்துக்குள் திருத்தினோம், அப்போது எங்களிடம் இருந்தது பென்சிலும் ரப்பரும்.

மீதி 10 பேட்ஜுக்கும் வரைவு எழுத நானும், உங்களிடம் படித்த 5 பிள்ளைகளும் தயாராக இருக்கிறோம். சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கோயில் மண்டபத்தில் இருப்போம். பயிற்சிப் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவர் வந்தால் போதும். என் பேத்திக்கு அடுத்த நேர்முகம் இன்னும் மூன்று வாரத்தில். அதற்குள் அவளுடையதை மட்டுமாவது முதலில் முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாடாங் செராயிலிருந்து
ஒரு முன்னாள் தோட்டத்துக் கிராணி